இயல்பும் வளர்ப்பும்

இயல்பும் வளர்ப்பும் என்பது, மனிதருடைய நடத்தை, ஆளுமை, அறிவாற்றல் ஆகியவற்றில் காணப்படும் வேறுபாடுகளுக்குப் பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்கள் எந்த அளவுக்குக் காரணம், வளர்ப்பு, கல்வி, உணவு, நட்பு முதலிய சூழல் எந்த அளவுக்குக் காரணம் என்னும் வினாவைக் குறிக்கும் தொடராகும். இங்கே இயல்பு என்பது கருவுறும்போதே அமைந்துவிடும் மரபுக் கூறுகளைக் குறிக்கும். வளர்ப்பு என்பது கருப்பை தொடங்கி வாழ்நாள் முழுவதும் ஒருவரைச் சூழ்ந்திருக்கும் மற்ற அனைத்தையும் குறிக்கும். ஆகவே கருவுற்ற தாய் உண்ணும் உணவும் இத்துறையில் வளர்ப்பு என்பதிலேயே அடங்கும்.

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. பிள்ளை தாயைப் போல இருப்பதற்குத் தாயின் மரபணு காரணமா, தாய் வளர்த்த முறை காரணமா என்பதை இப்பழமொழி சொல்லவில்லை. இத்துறை ஆய்வுகளின் அடிப்படைச் சிக்கலும் இதுவே. பெரும்பாலான குடும்பங்களில் மரபணுவைத் தருபவர்களும் வளர்ப்பவர்களும் ஒருவரே. எனவே பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒப்பிடுவதால் மட்டும் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. இரட்டையர்களும் தத்துப் பிள்ளைகளும் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது இதனாலேயே.

வரலாறு

மனித மனம் பிறக்கும்போது எதுவும் எழுதப்படாத தாள் போன்றது, அனுபவமே அதில் எழுதுகிறது என்னும் கருத்து ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக்குடன் இணைத்துப் பேசப்படுகிறது. இயல்பு, வளர்ப்பு ஆகிய இரு சொற்களையும் ஓர் இணையாக அறிவியல் உலகில் பரவச் செய்தவர் சார்லசு டார்வினின் உறவினரான பிரான்சிசு கால்ட்டன் ஆவார். 1874-இல் வெளிவந்த ஆங்கிலேய அறிவியலாளர்கள் பற்றிய தமது நூலில் அவர் இத்தொடரைப் பயன்படுத்தினார். மறு ஆண்டில், இரட்டையர்களைக் கொண்டு இவ்வினாவை ஆராயலாம் என முன்மொழிந்து, இரட்டையர்களின் குடும்பங்களிடம் வினாக்கொத்து வழியாகச் செய்தி திரட்டினார். பிறப்பிலேயே வேறுபட்ட இரட்டையர் ஒரே வீட்டில் வளர்ந்தும் ஒத்தவர்களாக மாறவில்லை என்பதைக் கண்ட அவர், இயல்பே வலியது என்று முடிவு செய்தார். ஒருகரு இரட்டையர், இருகரு இரட்டையர் என்னும் பாகுபாடு அக்காலத்தில் தெளிவாக அறியப்பட்டிருக்கவில்லை. இவ்விரு வகையினரையும் ஒப்பிடும் முறை 1924-இல் செருமானியரான எர்மான் சீமென்சு முதலியோரால் வகுக்கப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் நடத்தையியல் உளவியலாளர் ஜான் வாட்சன் இதற்கு நேரெதிரான கருத்தைக் கொண்டிருந்தார். நலமான குழந்தைகளைத் தம்மிடம் கொடுத்து, வளர்க்கும் சூழலையும் தம் விருப்பப்படி அமைக்கவிட்டால், அவர்களில் எவரையும் மருத்துவராகவோ திருடனாகவோ ஆக்கிக் காட்ட முடியும் என்ற பொருள்பட அவர் எழுதினார். தம் கூற்று சான்றுகளைக் கடந்து செல்கிறது என்பதையும் அவ்விடத்திலேயே ஒப்புக்கொண்டார். வாட்சனை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இந்தப் பின்பகுதியை விட்டுவிடுகின்றனர்.

கருத்து சட்டமானபோது

இவ்விவாதம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1883-இல் கால்ட்டன் பெயரிட்ட இனமேம்பாட்டியல், "நல்ல" மரபுடையோர் பெருகவும் "தீய" மரபுடையோர் குறையவும் வழி செய்ய வேண்டும் என்றது. 1907-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இருபதாம் நூற்றாண்டில் அங்கு 60,000-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர். நாட்சி செருமனியில் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கருத்தடை செய்யப்பட்டோர் ஏறத்தாழ 4 இலட்சம் பேர்.

பிரித்தானிய இந்தியாவில் 1871-இல் இயற்றப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டமும் இங்கு நினைக்கத்தக்கது. குற்றம் சில சமூகங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது என்ற எண்ணத்தில், முழுச் சமூகங்களையும் அரசு பதிவேட்டில் சேர்த்தது. 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பகுதியில் பெருங்காமநல்லூர் மக்கள் இப்பதிவை எதிர்த்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். இச்சட்டத்தின் பின்னால் இருந்த எண்ணம் முழுக்க முழுக்க உயிரியல் சார்ந்ததன்று. சாதித் தொழில் பற்றிய குடியேற்ற ஆட்சியாளரின் புரிதலும் அதில் கலந்திருந்தது. பிற்காலத் திருத்தங்கள் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்கவும் இடமளித்தன. அதாவது, பிறப்பால் குற்றவாளி என்ற எண்ணமும் வளர்ப்பால் மாற்றலாம் என்ற எண்ணமும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. இரண்டின் பாரத்தையும் அதே மக்களே சுமந்தனர்.

வளர்ப்பே எல்லாம் என்ற கருத்தும் தீங்கற்றதாக இருந்துவிடவில்லை. மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் 1943-இல் லியோ கானரால் விரிவாக விவரிக்கப்பட்டது. அதற்குத் தாயின் அன்பற்ற வளர்ப்பே காரணம் என்ற கோட்பாடு அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் செல்வாக்குப் பெற்றது. புருனோ பெட்டல்கைம் 1967-இல் வெளியிட்ட நூல் இதனைப் பரவலாக்கியது. குழந்தையின் நிலையால் ஏற்கனவே துன்புற்ற தாய்மார் மீது பழியும் சேர்ந்தது. 1977-இல் சூசன் போல்சுடைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். 11 ஒருகரு இணைகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. 10 இருகரு இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. சிறிய ஆய்வே எனினும், தாய்மார் மீதான பழி நீங்கத் தொடங்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

இரட்டையர் ஆய்வுகள்

ஒருகரு இரட்டையர் ஒரே கருமுட்டை பிரிவதால் உருவாகின்றவர்கள். அவர்களின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ முற்றிலும் ஒன்றே. இருகரு இரட்டையர் இரு வேறு கருமுட்டைகளிலிருந்து உருவாகின்றவர்கள். மனிதரிடையே வேறுபடும் மரபுக் கூறுகளில் சராசரியாகப் பாதியளவே, மற்ற உடன்பிறந்தாரைப் போல, அவர்களுக்குப் பொதுவாக இருக்கும். இரு வகையினரும் ஒரே வயதில் ஒரே வீட்டில் வளர்கின்றனர். ஆகவே ஏதேனும் ஒரு பண்பில் ஒருகரு இரட்டையரிடையே உள்ள ஒப்புமை இருகரு இரட்டையரிடையே உள்ளதைவிட மிகுந்திருந்தால், அம்மிகுதிக்கு மரபணுவே காரணம் எனக் கொள்ளலாம். இதுவே இம்முறையின் அடிப்படை.

எடுத்துக்காட்டாக, ஒரு பண்பில் ஒருகரு இரட்டையரிடையே ஒட்டுறவு 0.50 எனவும் இருகரு இரட்டையரிடையே 0.25 எனவும் வைத்துக்கொள்வோம். இவற்றின் வேறுபாட்டை இரண்டால் பெருக்கினால் 0.50 கிடைக்கும். இப்பண்பில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் பாதி, மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பது இதன் பொருள். இந்த எண்ணே மரபுப் பங்கு எனப்படுகிறது. இரு வகை இரட்டையரின் சூழலும் சம அளவில் ஒத்திருக்கிறது என்பது இக்கணக்கின் எடுகோள். ஒரே தோற்றமுடைய இரட்டையரைப் பெற்றோரும் ஆசிரியரும் ஒரே விதமாக நடத்துகின்றனர், எனவே இவ்வெடுகோள் பிழை என்று சிலர் வாதிடுகின்றனர்.

இந்த ஐயத்தைக் கடக்கும் வழியாகவே பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையர் தேடப்பட்டனர். இங்கிலாந்தின் சிரில் பர்ட் இத்தகையோர் பற்றி வெளியிட்ட முடிவுகள் நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றன. அவரது இரட்டையர் இணைகளின் எண்ணிக்கை 21-இலிருந்து 53 ஆக உயர்ந்தபோதும் ஒட்டுறவு மூன்று பதின்ம இடம் வரை மாறாமல் 0.771 என்றே இருந்ததை, அவர் 1971-இல் இறந்த பின் லியோன் காமின் சுட்டிக்காட்டினார். இது மோசடியா, கவனக்குறைவா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அத்தரவுகளை இப்போது எவரும் சான்றாகக் கொள்வதில்லை.

1979-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமசு பௌச்சார்டு தொடங்கிய ஆய்வு இதைவிட நம்பத்தக்கது. குழந்தைப் பருவத்தில் பிரிக்கப்பட்டு வேறு வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்கள் அழைக்கப்பட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் உடல், உளச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். 1990-இல் வெளியான முடிவின்படி, நுண்ணறிவு ஈவில் அவர்களுக்குள் ஒட்டுறவு ஏறத்தாழ 0.70. ஆளுமைச் சோதனைகளில் பிரிந்து வளர்ந்த ஒருகரு இரட்டையரின் ஒட்டுறவு 0.50 அளவிலும், சேர்ந்து வளர்ந்த ஒருகரு இரட்டையரின் ஒட்டுறவும் கிட்டத்தட்ட அதே அளவிலும் இருந்தன. ஒரே வீட்டில் வளர்ந்தது அவர்களைக் கூடுதலாக ஒத்தவர்களாக ஆக்கவில்லை.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தவர்கள் "ஜிம் இரட்டையர்" எனப்பட்ட ஓகையோ மாநிலத்தவர் இருவர். வளர்ப்புப் பெற்றோர் ஒருவரையொருவர் அறியாமலேயே இருவருக்கும் ஜிம் எனப் பெயரிட்டிருந்தனர். இருவரும் முதலில் லிண்டா என்ற பெயருடைய பெண்ணையும் பின்னர் பெட்டி என்ற பெயருடைய பெண்ணையும் மணந்திருந்தனர். இச்செய்தி எண்ணற்ற இதழ்களில் வந்துள்ளது. ஆயினும் இதைச் சான்றாகக் கருத இயலாது. லிண்டா என்ற பெயருக்கு மரபணு இல்லை. அக்கால அமெரிக்காவில் அப்பெயர் மிகவும் பரவலாக இருந்தது. இலட்சக்கணக்கான சிறு செய்திகளை ஒப்பிட்டால், எந்த இருவரிடமும் வியப்பூட்டும் ஒற்றுமைகள் சில கிடைக்கவே செய்யும். ஆய்வின் வலு ஒட்டுறவு எண்களில் உள்ளது, இக்கதைகளில் அன்று.

2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஐம்பது ஆண்டுகளில் வந்த 2,748 இரட்டையர் ஆய்வு வெளியீடுகளை ஒன்றுசேர்த்தது. உயரம் முதல் உளநோய் வரை எல்லாப் பண்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது மரபுப் பங்கு சராசரியாக 49 விழுக்காடு. மரபுப் பங்கு சிறிதும் இல்லாத மனிதப் பண்பைக் காண்பது அரிது என்பதை இன்று இத்துறையினர் பெரும்பாலும் ஏற்கின்றனர். மறுபுறம், ஒருகரு இரட்டையருள் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் வந்தால், பாதிக்கு மேற்பட்ட இணைகளில் மற்றவருக்கு அந்நோய் வருவதில்லை என்பதும் இதே வகை ஆய்வுகள் தரும் செய்தியே.

மரபுப் பங்கு எதைக் குறிக்கிறது?

இத்துறையில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் இதுவாகும். ஆளுமையின் மரபுப் பங்கு 50 விழுக்காடு எனில், ஒருவரது ஆளுமையில் பாதி மரபணுவாலும் பாதி வளர்ப்பாலும் ஆனது என்பது பொருளன்று. தனி மனிதருக்கு இவ்வெண் பொருந்தாது. ஒரு குறிப்பிட்ட மக்கள் தொகையில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், மனிதர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஒரு செவ்வகத்தின் பரப்பில் நீளத்தின் பங்கு எவ்வளவு, அகலத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்க இயலாது. ஆனால் பல செவ்வகங்களை எடுத்து, அவற்றின் பரப்பு வேறுபடுவதற்கு நீள வேறுபாடு எவ்வளவு காரணம் என்று கேட்க இயலும்.

கைவிரல்களின் எண்ணிக்கை நல்லதோர் எடுத்துக்காட்டு. கைக்கு ஐந்து விரல்கள் அமைவது மரபணுக்களின் செயல். ஆயினும் மக்களிடையே விரல் எண்ணிக்கை வேறுபடுவதற்குப் பெரும்பாலும் விபத்துகளே காரணமாதலால், அதன் மரபுப் பங்கு மிகக் குறைவு.

மரபுப் பங்கு மிகுந்த பண்பைச் சூழல் மாற்றாது என்பதும் தவறு. உயரத்தின் மரபுப் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு. ஆனால் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடியது. இடையில் அவர்களின் மரபணுக்கள் மாறிவிடவில்லை. உணவும் நோய்த்தடுப்பும் மாறின.

பீனைல்கீட்டோனூரியா என்னும் நோய் இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். 1934-இல் நார்வே மருத்துவர் அசுபியோர்ன் பொல்லிங் இதனைக் கண்டறிந்தார். பீனைலலனைன் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதிக்குரிய மரபணு பழுதுபட்டிருப்பதால், அவ்வமிலம் குருதியில் சேர்ந்து மூளையைத் தாக்குகிறது. மருத்துவம் இன்றி விட்டால் குழந்தை கடுமையான அறிவுத்திறன் குறைபாட்டுக்கு உள்ளாகும். இதைவிடத் தெளிவான மரபணு நோய் அரிது. ஆனால் 1950-களின் தொடக்கத்தில் ஓர்சுட்டு பிக்கெல் முதலியோர் அவ்வமிலம் குறைந்த உணவைக் கொடுத்துக் குழந்தையின் நிலை மேம்படுவதைக் காட்டினர். 1960-களில், பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் சில துளிக் குருதியில் இந்நோயை அறியும் சோதனை பரவியது. பிறந்த சில நாட்களுக்குள் உணவுமுறை தொடங்கப்பட்டால் அக்குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். பழுதுபட்ட மரபணு அப்படியே இருக்கிறது. விளைவு மட்டும் இல்லை.

1958-இல் கூப்பர், சூபெக் ஆகியோர் எலிகளிடம் செய்த சோதனையும் இங்கே கூறத்தக்கது. புதிர்வழியில் விரைவாகக் கற்கும் எலிகளும் மெதுவாகக் கற்கும் எலிகளும் பல தலைமுறைகளாகத் தனித்தனியே இனப்பெருக்கம் செய்யப்பட்டிருந்தன. வழக்கமான கூண்டில் வளர்ந்தபோது இரு வகைக்கும் பெரும் வேறுபாடு இருந்தது. எதுவுமற்ற வெறுங்கூண்டில் வளர்ந்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் பின்தங்கின. பொருள்கள் நிறைந்த கூண்டில் வளர்ந்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் சிறந்தன. மரபு வேறுபாடு எவ்வளவு என்ற வினாவுக்கு, எந்தக் கூண்டில் என்ற எதிர்வினா இல்லாமல் விடை கூற இயலாது.

ஒரே வீடு, வெவ்வேறு பிள்ளைகள்

ஒரே வீட்டில் வளரும், மரபுத் தொடர்பற்ற தத்துப் பிள்ளைகள் வளர்ந்த பின் ஆளுமையில் ஒருவரையொருவர் ஒத்திருப்பது மிகக் குறைவு. பெற்றோருக்கு வியப்பளிக்கும் இம்முடிவு பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கிடைத்துள்ளது. சூழலுக்குப் பங்கில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உடன்பிறந்தாரை ஒத்தவர்களாக ஆக்கும் பொதுச் சூழலைவிட, அவர்களை வேறுபடுத்தும் தனிச் சூழலே ஆளுமையில் வலியது என்பதே பொருள். நண்பர் குழு, நோய், ஓர் ஆசிரியர், மூளை வளர்ச்சியில் நேரும் தற்செயல் மாற்றங்கள் எனப் பலவும் இதில் அடங்கும். ஓர் அமெரிக்க எழுத்தாளரான சூடித் ரிச் ஆரிசு, 1998-இல் வெளியிட்ட நூலில் நண்பர் குழுவுக்கே முதன்மை தந்தார். அது மிகைக்கூற்று என்பதே பலரின் கருத்து. தனிச் சூழல் எனப்படுவதில் பெரும்பகுதி இன்னதென்று பெயர் சொல்லிச் சுட்டப்படவில்லை.

மரபணுவும் சூழலும் ஒன்றையொன்று சாராதவை எனவும் கொள்ள முடியாது. படிப்பில் நாட்டமுள்ள பெற்றோர் தம் மரபணுவோடு புத்தகங்களையும் பிள்ளைக்குத் தருகின்றனர். சிரித்த முகமுடைய குழந்தையைப் பலரும் கொஞ்சுகின்றனர். வளர்ந்த பிள்ளை தன் நாட்டத்துக்கேற்ற நண்பரையும் பொழுதுபோக்கையும் தானே தேடிக்கொள்கிறது. நுண்ணறிவு ஈவின் மரபுப் பங்கு குழந்தைப் பருவத்தைவிட முதிர்ந்த பருவத்தில் மிகுதியாக இருப்பதற்கு இக்கடைசிக் காரணம் கூறப்படுகிறது.

உருமேனியக் குழந்தைகள்

மேற்கண்ட ஆய்வுகளில் வரும் வீடுகள் பெரும்பாலும் ஓரளவு நல்ல வீடுகள். தத்துக் கொடுக்கும் அமைப்புகள் வறுமையும் கொடுமையும் உள்ள வீடுகளைத் தவிர்த்துவிடுகின்றன. வளர்ப்பு என்பதே இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதை உருமேனியா காட்டியது. சௌசெசுக்குவின் ஆட்சி 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வறுமையில் வளர்க்க இயலாத குழந்தைகள் அரசு விடுதிகளில் விடப்பட்டனர். 1989-இல் ஆட்சி வீழ்ந்தபோது இத்தகைய விடுதிகளில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். உணவு ஓரளவு கிடைத்தது. ஒருவரே தொடர்ந்து தூக்கி, பேசி, அணைப்பது கிடைக்கவில்லை.

2000-ஆம் ஆண்டையொட்டி சார்லசு நெல்சன், நேதன் பாக்சு, சார்லசு சீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் புகாரெசுட்டு நகர விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அரிதாக இருந்ததால், ஆய்வாளர்களே அதை உருவாக்க வேண்டியிருந்தது. நான்கரை வயதில் நுண்ணறிவு ஈவின் சராசரி, விடுதிப் பிரிவினருக்கு 73, வளர்ப்புக் குடும்பத்தினருக்கு 81, தம் சொந்தப் பெற்றோருடன் வளர்ந்த அந்நகரக் குழந்தைகளுக்கு 109 என இருந்தது. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தில் சேர்ந்தவர்களே மிகுதியாக மீண்டனர். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டதால், இவ்வேறுபாட்டுக்கு மரபணு காரணம் என்று கூற வழியில்லை. குழந்தைகளில் ஒரு பாதியை விடுதியிலேயே விட்டது அறமா என்ற வினா எழுந்தது. எந்தக் குழந்தைக்கேனும் குடும்பம் கிடைத்தால் தடுப்பதில்லை என்பது ஆய்வாளர்கள் மேற்கொண்ட விதி.

பிரித்தானியக் குடும்பங்கள் தத்தெடுத்த 165 உருமேனியக் குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆறு மாதங்களுக்குள் விடுதியிலிருந்து மீண்டவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே வளர்ந்தனர். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்குக் கவனக் குறைபாடும் பிறரோடு பழகுவதில் இடர்ப்பாடும் இளமைப் பருவம் வரை நீடித்தன. அவர்களிலும் ஐவரில் ஒருவர் எந்தச் சிக்கலும் இன்றி வளர்ந்தார்.

மரபணுக்களைத் தேடுதல்

இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் கூறும். எந்த மரபணு என்று கூறாது. 2003-இல் அவ்சலோம் காசுபி முதலியோர், நியூசிலாந்தின் தனேடின் நகரில் பிறந்தோரை ஆராய்ந்து, செரட்டோனின் கடத்தி மரபணுவின் ஒரு வகையை உடையவர்கள் வாழ்க்கைத் துன்பங்கள் நேரும்போது மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகின்றனர் என்று அறிவித்தனர். மரபும் சூழலும் கைகோக்கும் இம்முடிவு பெரிதும் வரவேற்கப்பட்டு, நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கு வழிவகுத்தது. 2019-இல் மிகப் பெரிய மக்கள் தொகைகளில், மனச்சோர்வுடன் தொடர்புடையவை எனக் கருதப்பட்ட 18 மரபணுக்கள் சோதிக்கப்பட்டன. ஏதோ சில மரபணுக்களை எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட மேலான தொடர்பு எதுவும் அவற்றிடம் காணப்படவில்லை. "கோப மரபணு", "அறிவு மரபணு" போன்ற செய்தித் தலைப்புகளை ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

ஒரு பண்பில் ஆயிரக்கணக்கான மரபுக் கூறுகள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில் பங்கு கொள்கின்றன என்பதே இன்றைய புரிதல். 2022-இல் ஏறத்தாழ 30 இலட்சம் பேரிடம், எத்தனை ஆண்டு கல்வி பெற்றனர் என்பதை ஆராய்ந்தபோது 3,952 மரபுக் கூறுகள் இனங்காணப்பட்டன. மரபுத்தொகுதி முழுவதிலும் உள்ள கூறுகளைச் சேர்த்துக் கணிக்கும் மதிப்பெண், மக்களிடையே உள்ள கல்வி வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காட்டை மட்டுமே விளக்கியது.

அதிலும் ஒரு பகுதி வளர்ப்பே. ஒவ்வொரு பெற்றோரும் தம் மரபுக் கூறுகளில் பாதியை மட்டுமே ஒரு பிள்ளைக்குத் தருகின்றனர். 2018-இல் ஐசுலாந்தில் அகசுட்டின் கோங் முதலியோர், பிள்ளைக்கு வராமல் பெற்றோரிடமே தங்கிவிட்ட பாதியும் பிள்ளையின் கல்வியோடு தொடர்புடையது என்று கண்டனர். பிள்ளையின் உடலில் இல்லாத மரபணு, பெற்றோர் அமைக்கும் வீட்டின் வழியாகவே செயற்பட முடியும். கால்ட்டன் இரண்டாகப் பிரித்தவை இங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன.

இவ்வாய்வுகளில் பங்கு கொண்டோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். தென்னாசியர் பற்றிய தரவுகள் மிகக் குறைவு. ஐரோப்பியரிடம் கணிக்கப்பட்ட மரபு மதிப்பெண்கள் பிற மக்களிடம் சரிவரப் பொருந்துவதில்லை. கருவிலேயே குழந்தையின் அறிவுத்திறனைக் கணித்துத் தருவதாகச் சில வணிக நிறுவனங்கள் கூறிவரும் நிலையில், அம்மதிப்பெண்ணைத் தமிழ்ப் பெற்றோரொருவர் விலைக்கு வாங்கினால், அது எந்த மக்களை அளந்து பெறப்பட்டது என்பதே அவர் கேட்க வேண்டிய முதல் வினாவாகும்.